பலூன் ஊதி, கோட்டில் நின்றவர்கள் இருக்கிறீர்களா?

வாவிக்கரையான்:

நடந்து இரண்டு வருடமாகிறது. அந்தக் குழாய் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. மச்சான் வீட்டில் குடிபூரல். இரண்டு பியர், பிறகு பெரியவர்கள் ஊற்றித் தந்த ஒரு வாய்ச் சாராயம், அவ்வளவுதான். கல்லடிப் பாலத்தைத் தாண்டினால் வீட்டுக்கு ஐந்து நிமிடம். பொலிஸ்காரர்கள் மறித்தார்கள், குடித்திருக்கிறேனா என்று பார்க்கப் பலூன் குழாயை ஊதச் சொன்னார்கள், ஊதினேன். மூச்சில் மது இருந்தால் குழாய்க்குள் இருக்கும் மஞ்சள் மணிகள் பச்சையாவதும், அந்தப் பச்சை குழாயில் உள்ள கோட்டைத் தாண்டினால் வழக்கு என்பதும் இங்கே யாருக்கும் புதிதில்லை.

என்னுடையது தாண்டவில்லை. தாண்டாமலும் இல்லை. கோட்டின் மேலேயே வந்து குந்திக்கொண்டது. கான்ஸ்டபிள் டோர்ச் அடித்துப் பார்த்தார். மற்றவரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் உதட்டைப் பிதுக்கினார். பிறகு குழாயை என் முகத்துக்கு நேரே நீட்டி, "தம்பி, நீங்களே பாருங்கள், தாண்டியிருக்கிறதா?" என்றார். நான் "ஓம் சேர்" என்றேன்! பள்ளிக்கூடத்தில் மாஸ்டர் கேட்டால் வருவது போல வாயில் வந்துவிட்டது.

அந்த "ஓம்" எனக்கு வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் வாக்குமூலமானது. அதன் கீழே என் கையெழுத்து. நீதவான் முன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டேன், ஒரே நாளில் முடியட்டும் என்று. 25,000 ரூபா தண்டம், சாரதி அனுமதிப்பத்திரம் ஆறு மாதம் இடைநிறுத்தம். நான் விநியோக லொறி ஓட்டிப் பிழைப்பவன். மிச்சத்தை நீங்களே யோசியுங்கள்.

சம்மாந்துறைக் காக்கா:

நான் வாழ்நாளில் தொட்டதே இல்லை. ஆனாலும் என் பலூனும் பச்சை காட்டியது.

மூட்டு வலிக்கு மாமி தந்த அரிஷ்டம், புளிக்க வைப்பதால் கொஞ்சம் மது சேரும் ஆயுர்வேத மருந்து. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மேசைக்கரண்டி குடித்துவிட்டு அப்படியே வண்டியை எடுத்தேன். அம்பாறை வீதியில், வயல் பக்கம் மறித்தார்கள். ஊதினால் குழாயின் நுனியில் விரல் நகம் அளவுக்குப் பச்சை. கோட்டுக்கு வெகு தூரம்தான், ஆனால் என் தாடியையும் தொப்பியையும் பார்த்தவர்களுக்கு அது வேடிக்கையாகிவிட்டது. மூன்று பேர் வரிசையாக வந்து என் வாயை முகர்ந்தார்கள். மூன்றாமவர் வயதான சார்ஜன்ட். முகர்ந்ததும் சிரித்தார். "இது தசமூலாரிஷ்டம். என் மனைவியும் இதைத்தான் குடிக்கிறாள்" என்றார். தண்ணீர் கொடுத்து, வாயைக் கொப்புளிக்கச் சொல்லி, இருபது நிமிடம் மதகில் உட்கார வைத்து மறுபடி ஊத வைத்தார்கள். நிறமே மாறவில்லை.

வழக்கு இல்லை, சரி. ஆனால் அந்த இருபது நிமிடத்தில் எங்கள் ஊர் ஆட்டோ எத்தனை அந்த வழியால் போனது என்று நினைக்கிறீர்கள்? மறுநாள் ஜும்ஆவில் இரண்டு பேர் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

பட்டிருப்பு டீச்சர்:

ஊதியவர் என் கணவர். அனுபவித்தது நான். "இரண்டு பியர்தான், கோட்டில்தான் நின்றது" என்று அவரும் சொன்னார். கோட்டில் நின்ற ஆண்களை எண்ணினால் இந்த வாவி கொள்ளாது போலிருக்கிறது.

இரவு ஒரு மணிக்கு நானும் தம்பியும் பிணையில் எடுத்து வந்தோம். பன்னிரண்டு மாதம் அனுமதிப்பத்திரம் இல்லை. அந்த ஒரு வருடமும் ஸ்கூட்டரில் நான் முன்னால், அவர் பின்னால். முதல் நாள் களுவாஞ்சிகுடிச் சந்தைக்குப் போனோம். மீன்காரர், "என்ன சேர், பதவி இறக்கமா?" என்று கேட்டார். இவர் பாரைமீன் பையை மடியில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இப்போது அனுமதிப்பத்திரம் கிடைத்துவிட்டது. ஆனாலும் சந்தைக்கு நான்தான் ஓட்டுகிறேன், அவர் கேட்கவும் இல்லை.

பழைய எழுதுவினைஞர்:

எனக்கு ஒருமுறை ஊதச் சொன்னார்கள், ஒன்றும் வரவில்லை. அது கிடக்கட்டும்.

வாவிக்கரையான் தம்பி, நீங்கள் "ஓம்" சொன்னது பெரிய பிழையில்லை. மன்றில் ஒப்புக்கொண்டதுதான் பிழை. நீதிமன்றத்தில் முப்பது வருடம் கோப்பு தூக்கியவன் சொல்கிறேன். சட்டம் பார்ப்பது பச்சையை அல்ல, இரத்தத்தை: 100 மில்லிலீற்றருக்கு 80 மில்லிகிராம். குழாய் அதற்கு ஒரு மதிப்பீடு மட்டுமே. வாயில் மது மீதி இருந்தால் அளவு ஏறிக் காட்டும், அதற்காகத்தான் காக்காவை மதகில் உட்கார வைத்தார்கள். கோட்டில் நின்றால் சண்டை பிடிக்காமல், மரியாதையாக, அரச வைத்தியரிடம் கொண்டுபோகச் சொல்லிக் கேட்க வேண்டும். ஊத மறுக்க மட்டும் கூடாது. மறுத்தால் குடித்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

இன்னொன்று. இது தபாற்கந்தோரில் கட்டிவிட்டுப் போகும் தண்டம் இல்லை. நீதவான் நினைத்தால் மூன்று மாதம் வரை மறியலும் உண்டு. அந்த நிலையில் யாரையாவது இடித்திருந்தால் காப்புறுதிக்காரர் கையை விரித்துவிடுவார். இரவு குடித்துவிட்டுக் காலையில் ஓட்டுபவர்களும் கேளுங்கள். அந்த 100 மில்லிலீற்றர் கணக்கில் உடம்பு மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் கழிக்கும். தேசிக்காயும் மோரும் பச்சைத் தண்ணீர்க் குளிப்பும் அதை ஒரு மில்லிகிராம்கூடக் கூட்டாது. நடு இரவில் 150இல் படுத்தவன் விடிய நான்கு மணிக்கும் 90இல் நிற்பான். மீன் வாங்க வாழைச்சேனைக்கு விடியப் போகிறவர்கள் இதைக் கணக்குப் பார்ப்பதே இல்லை.

டீச்சர், உங்கள் கணவரின் கதையில் எனக்கு நம்பிக்கை இல்லை. கோட்டில் நின்றவருக்குப் பன்னிரண்டு மாதமா?

பொத்துவில் பையன்:

ஐயா, வைத்தியரிடம் போகச் சொல்வது எழுத நன்றாக இருக்கிறது. நான் கேட்டேன், கொண்டுபோனார்கள். விபத்தில் வந்தவர்களைப் பார்க்கும்வரை ஒன்றரை மணித்தியாலம் வாங்கில் இருந்தேன். பிறகு நேர்கோட்டில் நடக்கச் சொன்னார் வைத்தியர். எனக்கு ஒரு கால் கட்டை. 2016இல் மோட்டார் சைக்கிளில் விழுந்து முறிந்தது, சரியாகப் பொருந்தவில்லை. ஒரு சொட்டுக் குடிக்காவிட்டாலும் நான் நேர்கோட்டில் நடக்க மாட்டேன்! சொன்னேன். கூட வந்த பொலிஸ்காரர், "குடித்தவன் எல்லோருக்கும் கால் கட்டைதான்" என்றார். வைத்தியர் ஒன்றும் பேசவில்லை. காற்சட்டையை முழங்கால் வரை மடிக்கச் சொல்லி, தழும்பை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மூக்கைத் தொட வைத்தார், நூறிலிருந்து பின்னோக்கி எண்ண வைத்தார். மது மணம் இருக்கிறது, போதையில் இல்லை என்று எழுதினார்.

அதன் பிறகும் வழக்குப் போட்டார்கள். ஐந்து தவணை. ஐந்துக்கும் வேலையை விட்டு, பஸ் ஏறி, மன்றில் நின்றேன். ஐந்தாவதில் விடுவித்தார்கள். சட்டத்தரணிக்குக் கொடுத்ததைக் கூட்டிப் பார்த்தால் 25,000 ரூபாவை எப்போதோ தாண்டிவிட்டது. வாவிக்கரையான் அண்ணன் ஒப்புக்கொண்டதை நான் பிழை சொல்ல மாட்டேன்.

பழைய எழுதுவினைஞர்:

உங்கள் அனுமதிப்பத்திரம் உங்கள் சட்டைப்பையில் இருக்கிறதே, தம்பி. அவருடையது ஆறு மாதம் இல்லையே.

பட்டிருப்பு டீச்சர்:

ஐயா, எனக்கும் அந்தக் கதையில் நம்பிக்கை இல்லை. இரண்டு பியர் என்றால் நான் நான்கு என்று எழுதிக்கொள்வேன். வாவிக்கரையானிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்த டோர்ச் வெள்ளை வெளிச்சமா, மஞ்சளா? பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும், மஞ்சள் வெளிச்சத்தில் மஞ்சளும் பச்சையும் எங்கே பிரிகின்றன என்று பார்ப்பது கஷ்டம்.

வாவிக்கரையான்:

டீச்சர், இதை இதுவரை ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. பற்றரி இறங்கிய பழைய டோர்ச். கான்ஸ்டபிள் அதை இரண்டு முறை உள்ளங்கையில் தட்டினார். மஞ்சள்தான்.