ஜிஎல்பி-1 ரிசெப்டர்: பெப்டைட் போட்டும் சிஏஎம்பி ஏறலை, அவசரம்

வெண்ணாறு: ஹெச்இகே 293 செல்லில் (லேப்ல வளர்க்கிற மனித செல்) ஜிஎல்பி-1ங்கிற குடல் ஹார்மோனோட ரிசெப்டர் இருக்கு. அதைத் தூண்டினா செல்லுக்குள்ள சிஏஎம்பிங்கிற சிக்னல் மூலக்கூறு ஏறணும். ஜிஎல்பி-1, 10 பிக்கோமோலார்லேருந்து 10 நானோமோலார் வரை போட்டேன். கடைசி டோஸ்ல மட்டும் லேசா அசைவு. திங்கக்கிழமை கைடுகிட்ட காட்டணும். எங்கே கோளாறு?

குடந்தை பிபெட்: சிஏஎம்பியை எதால அளக்குறீங்க, எச்டிஆர்எஃப்பா (ரெண்டு ஒளிர்வோட ரேஷியோ பார்க்கிற கிட்), லூசிஃபெரேஸ் சென்சாரா (சிஏஎம்பி ஏறினா ஒளி கூடுறது)? சிஏஎம்பி சிதையாமத் தடுக்கிற ஐபிஎம்எக்ஸ் போட்டீங்களா? வெல்லுக்கு (பிளேட் குழிக்கு) எத்தனை செல்? ரிசெப்டர் இல்லாமலே சிஏஎம்பியை ஏத்துற ஃபோர்ஸ்கோலின் 10 மைக்ரோமோலார் போட்ட வெல் என்ன காட்டுது? இதெல்லாம் தெரியாம ஜோசியம்தான் சொல்லலாம்.

கொள்ளிடம்: பெப்டைட் லேபிளைப் பாருங்க, 1-37ஆ (முழு நீளம்), 7-36 அமைடா (முன்முனை வெட்டின வடிவம்)? முன்னது இந்த ரிசெப்டர்ல ரொம்ப பலவீனம், டோஸ் வளைவு வலது பக்கம் போயிடும், அதாவது அதிக டோஸ் வேணும்.

கல்லணை: தம்பி, கிட் கையேட்டைப் புரட்டிட்டு வந்திருக்கலாம். எச்டிஆர்எஃப்ல சிஏஎம்பி ஏறினா ரேஷியோ இறங்கும். தலைகீழாப் பார்த்துட்டு ஏறலைங்கிறீங்க.

குடந்தை பிபெட்: அவர் எச்டிஆர்எஃப்னு இன்னும் சொல்லவே இல்லையே அண்ணே.

வெண்ணாறு: எச்டிஆர்எஃப்தான், ரேஷியோ இறங்கும்னு தெரியும். 7-36 அமைட். 384 வெல், வெல்லுக்கு 20,000 செல், ஐபிஎம்எக்ஸ் 0.5 மில்லிமோலார். பஃபர் வெறும் எச்பிஎஸ்எஸ் (உப்புக் கரைசல்).

கொள்ளிடம்: "வெறும்"ங்கிறதுதான் வில்லங்கம். இந்த பெப்டைட் பிளாஸ்டிக்ல ஒட்டிக்கும். டைல்யூஷன் இறங்க இறங்க ட்யூப் சுவரே தின்னுடும், செல்லுக்குப் போறது நீங்க எழுதி வச்ச டோஸே இல்லை. பஃபர்ல 0.1% பிஎஸ்ஏ (மாட்டு சீரப் புரதம்), பெப்டைட் ஒட்டாத லோ-பைண்ட் ட்யூப், ஒவ்வொரு டைல்யூஷனுக்கும் புது டிப். அதுக்காக சீரம் மீடியாவுல கலக்காதீங்க. அதிலிருக்கிற டிபிபி-4 என்சைம் பெப்டைடோட முன்முனையில ரெண்டு அமினோ அமிலத்தை நறுக்கிடும். இதே ரிசெப்டரைத் தூண்டுற எக்ஸெண்டின்-4 அதுக்குத் தாங்கும், பக்கத்துல ஒரு வரிசை ஓட்டுங்க.

குடந்தை பிபெட்: 20,000 செல் ஜாஸ்தி. ஐபிஎம்எக்ஸோட சேர்ந்து ஹார்மோன் போடாத வெல்லே ஸ்டாண்டர்ட் கர்வோட (அளவு தெரிஞ்ச சிஏஎம்பி வச்சு வரையுற வளைவு) ஓரத்துக்குப் போயிடும், அப்புறம் ஏற இடமேது? 1,000, 2,500, 5,000 வச்சுப் பாருங்க. செல்லைப் புரதம் வெட்டுற டிரிப்சின் போட்டு எடுக்காதீங்க, ரிசெப்டரோட வெளித்தலையைக் கடிச்சிடலாம். புரதத்தை வெட்டாம செல்லைப் பிரிக்க ஈடிடிஏ போதும்.

கல்லணை: இத்தனை வம்பு எதுக்கு? லூசிஃபெரேஸ் சென்சாருக்கு மாறினா நேரத்தோட ஏற்றமே தெரியும், ஐபிஎம்எக்ஸும் வேண்டாம்.

மன்னை: தஞ்சாவூர் அக்னி நட்சத்திரத்துலயா? கரண்ட் போய் ஏசி நின்னா ரூம் சூடேறும், லூசிஃபெரேஸ் ஒளி சரியும். அதை ரிசெப்டர் அடங்கிடுச்சுன்னு படிப்பீங்க.

கல்லணை: ஒவ்வொரு பிளேட்லயும் வெறும் பஃபர் வரிசை வச்சு வகுத்தா சரியாப் போச்சு.

மன்னை: பிளேட் முழுக்க ஒரே சூடு இருந்தாத்தானே அது? ஓர வெல் முதல்ல சூடாகும்.

கொள்ளிடம்: சென்சார் சண்டைக்குத் தனி இழை போடுங்கப்பா.

வெண்ணாறு: பிஎஸ்ஏ போட்டதும் வளைவு இடது பக்கம் வந்துடுச்சு. ஃபோர்ஸ்கோலினும் மேல் டோஸ்களும் ஒரே மட்டத்துல முட்டுது, செல்லை 2,500க்குக் குறைக்கிறேன். நன்றி.

கல்லணை: மன்னை, ஓர வெல்லுல யாரு டோஸ் போடச் சொன்னது?