கடற்கரையில் ஓடத் தொடங்கி மூன்று கிழமை: குதிக்காலும் முன்னெலும்பும் நோகுது, விடவா தொடரவா?

வாவிக்கரையான்:

வயது 47, நிறை 81 கிலோ, உயரம் 5 அடி 6 அங்குலம். கந்தோர் வேலை, முழுநாளும் கதிரைதான். மூன்று கிழமையாக விடிய 5.30க்கு மட்டக்களப்புக் கல்லடிக் கடற்கரையில் ஓடுகிறேன். கிழமையில் 6 நாள், ஒரு நாளைக்கு 3 கிலோமீற்றர், இடையில் நிற்பதில்லை. மணல் மெத்தை மாதிரி, முழங்காலுக்கு நல்லது என்று வெறுங்காலோடுதான்.

இப்போது இரண்டு நோ. ஒன்று, வலது குதிக்காலின் அடியில். காலமை கட்டிலால் இறங்கி முதல் அடி வைக்கும்போது ஆணி குத்துகிற மாதிரி; பத்து நிமிசம் நடந்தால் குறைகிறது. மற்றது, இரண்டு காலிலும் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் உள்பக்க ஓரம். ஓடத் தொடங்கும்போது நோகும், சூடு ஏற ஏற மறையும், பின்னேரம் திரும்ப வரும்.

வீட்டில் "இந்த வயதில் ஏன் இந்த வேலை" என்கிறார்கள். உண்மையில் வயதுதான் காரணமா? மணலை விட்டுத் தார் றோட்டுக்குப் போகவா? சப்பாத்து வாங்குவதென்றால் எதைப் பார்த்து வாங்குவது?

மண்முனை:

அண்ணன், வயதில பழியைப் போடாதீங்க, கணக்கைப் பாருங்க. ஒன்றுமே ஓடாத கால், முதல் கிழமையிலேயே 18 கிலோமீற்றர். மென்மணலில ஓடுறதுக்குக் கெட்டித் தரையை விட ஏறத்தாழ 1.6 மடங்கு சக்தி போகும். உங்கட 3 கிலோமீற்றர் உடம்புக்குக் கிட்டத்தட்ட 5. அதையும் ஒரு நாள் இடைவெளி இல்லாம 6 நாள்.

மணல் மெத்தைதான், ஆனா மெத்தையில நின்று எம்பிப் பாருங்க. குதி உள்ளே புதையும், குதிநாணும் கெண்டைக்காலும் வழமையை விடக் கூட இழுபடும், தள்ளி எழும்பத் தரை பிடி கொடுக்காது. முழங்காலுக்கு இறங்கிற அடி கொஞ்சம் குறையும், உண்மைதான். அந்தச் சுமை எங்கேயும் போகல்ல, குதிக்கும் கெண்டைக்கும் இறங்கிட்டுது. நோவும் சரியா அங்கதான் வந்திருக்கு.

இன்னொரு விசயம். மூச்சும் இதயமும் மூன்று நாலு கிழமையில பழகிரும். தசைக்கு அதை விடக் கூட நாள் வேணும். தசைநாணுக்கும் எலும்புக்கும் மாதக்கணக்கு. நாற்பது தாண்டினா அந்த இடைவெளி இன்னும் அகலும். "இப்ப லேசா ஓட ஏலுது, கொஞ்சம் கூட்டுவம்" என்று தோன்றுற அதே மூன்றாம் நாலாம் கிழமையிலதான் நோ வரும். மூச்சைக் கேட்டு ஓடினா கால் பிந்தும்.

செய்ய வேண்டியது: 10 நாள் ஓட்டம் நிறுத்தம், நடை மட்டும். மட்டமான தரையில 30 நிமிசம், சப்பாத்தோட. மறுகா கிழமைக்கு 3 நாள், ஒன்று விட்டு ஒரு நாள்:

முதல் 2 கிழமை: 5 நிமிச நடை, பிறகு 1 நிமிச ஓட்டம் 2 நிமிச நடை 8 தரம், கடைசியில 5 நிமிச நடை.
அடுத்த 2 கிழமை: 2 நிமிச ஓட்டம் 2 நிமிச நடை, 7 தரம்.
பிறகு 3 நிமிச ஓட்டம் 1 நிமிச நடை, 6 தரம். இதிலேயே 3 கிழமை நில்லுங்க, இங்கதான் எல்லாரும் அவசரப்படுறது.
அதுக்குப் பிறகு 5க்கு 1, 8க்கு 1. பன்னிரண்டாம் பதின்மூன்றாம் கிழமையில 25 நிமிசம் நிற்காம ஓட ஏலும்.

வேகம்: பக்கத்தில வாறவரோட முழு வசனமா கதைக்க ஏலணும். பாட ஏலாட்டிப் பரவாயில்ல, நம்மட மட்டக்களப்பு வாவியில அதுக்குப் பாடும் மீன் இருக்கு.

நோவுக்கு ஒரு அளவுகோல்: 10க்கு 3 வரைக்கும் இருந்து, அடுத்த நாள் காலமை முந்தின காலமையை விடக் கூடாம இருந்தா, அந்தக் கிழமையின் அளவைத் தொடரலாம். காலமை கூடியிருந்தா ஒரு படி பின்னுக்கு. ஓடும்போது தெரியிற நோவை நம்பாதீங்க, சூட்டில அது மறையும்.

படிக்கட்டு:

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஆனால் 10 நாள் ஓய்வு மட்டும் குதிக்காலைச் சுகப்படுத்தாது. நீங்கள் விவரிப்பது, உள்ளங்காலில் குதியிலிருந்து விரல்வரை போகும் தடித்த பட்டியில் வருகிற நோவின் அச்சொட்டான குணம். இரவில் அது தளர்ந்து கிடக்கும், முதல் அடியில் திடீரென்று இழுபடும். சும்மா விட்டால் குறையும், ஓட்டம் தொடங்கத் திரும்பும். அதற்குச் சுமை கொடுத்துத்தான் பலப்படுத்த வேண்டும்.

கட்டிலால் இறங்குவதற்கு முன்: நோகிற காலை மற்ற முழங்காலுக்கு மேல் போட்டு, பெருவிரலைக் கையால் பிடித்து முன்னெலும்பை நோக்கி மடக்குங்கள். 10 செக்கன் பிடித்து விட்டு, 10 தரம். மற்றக் கையின் விரலால் உள்ளங்காலைத் தடவினால் பட்டி வீணைக் கம்பி மாதிரி விறைத்து நிற்பது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மடக்கியது போதாது.

பிறகு படிப் பயிற்சி, ஒன்று விட்டு ஒரு நாள். ஒரு துவாயைச் சுருட்டிப் படியின் விளிம்பில் வையுங்கள். நோகிற காலின் விரல்கள் துவாயின் மேல் மேல்நோக்கி மடிந்து நிற்க, குதி வெளியே தொங்க வேண்டும். கதவு நிலையைப் பிடித்துக்கொள்ளலாம், ஆனால் சமநிலைக்கு மட்டும். 3 செக்கனில் எழும்பி, 2 செக்கன் நின்று, 3 செக்கனில் இறங்குங்கள். 12 தரம், 3 சுற்று. ஒற்றைக் காலில் ஏலாவிட்டால் இரண்டு காலால் எழும்பி ஒற்றைக் காலால் இறங்குங்கள். இரண்டு கிழமையில் 12 தரம் லேசானால் முதுகில் ஒரு பை. அதற்குள் ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள், ஒரு போத்தல் ஒன்றரைக் கிலோ. குறைந்தது 3 மாதம். மூன்றாம் கிழமையில் "ஒரு பிரயோசனமும் இல்லை" என்று விட்டுவிடுபவர்கள்தான் அதிகம்.

ஒரு கவனம்: நோ அடியில் இல்லாமல், குதியின் பின்பக்கம் நாண் எலும்போடு ஒட்டும் இடத்தில் இருந்தால் படிக்குக் கீழே குதியை இறக்கக் கூடாது. அப்படி நோகிறவர்கள் மட்டத் தரையிலேயே எழும்பி இறங்க வேண்டும்.

வீட்டுக்குள் ரைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடப்பதை இரண்டு மாதம் விடுங்கள். தட்டையான றப்பர் செருப்பும் உதவாது. குதிப்பக்கம் தடித்ததாக ஒன்றை வீட்டுக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். இது சின்ன விசயம் மாதிரி இருக்கும். ஆனால் ஓட்டம் 30 நிமிசம், வீட்டுத் தரை பல மணித்தியாலம்.

முன்னெலும்புக்கு ஒரு சோதனை: உள்பக்க ஓரத்தை விரலால் மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டு வாருங்கள். உள்ளங்கை அகலத்துக்குப் பரவலாக நொந்தால் சுமையைக் குறைத்தால் போதும். ஒரே ஒரு புள்ளியில் துள்ளி எழும்பும் அளவுக்கு நொந்தால், ஒற்றைக் காலில் துள்ள ஏலாவிட்டால், இரவில் சும்மா படுத்திருக்கும்போதும் நொந்தால் ஓட்டத்தை அன்றே நிறுத்தி வைத்தியரிடம் போங்கள். எலும்பில் மெல்லிய வெடிப்பு இருக்கலாம். முதல் இரண்டு மூன்று கிழமையில் எக்ஸ்ரே எடுத்தால் வெடிப்புத் தெரியாமலும் போகும். படம் சுத்தமாக இருக்கிறது என்று மறுநாளே ஓடப் போகாதீர்கள்.

வாவிக்கரையான்:

நன்றி இருவருக்கும். அழுத்திப் பார்த்தேன், பரவலாகத்தான் நோகிறது. அப்படியானால் கடற்கரையை விட்டு றோட்டுக்குப் போவதுதான் சரியா? சொல்ல மறந்தது: சீனி வருத்தம் இருக்கிறது, மெட்போமின் மட்டும் குடிக்கிறேன்.

நாவலடிக் காற்று:

றோட்டிலயும் ஒரு பொறி இருக்கு. வாகனத்தைப் பார்த்து ஓடணும், அதாவது நம்ம நாட்டில றோட்டின் வலப்பக்கம். நடு உயர்ந்து ஓரம் சரிஞ்ச றோட்டில போகும்போதும் வலக்கால் பள்ளத்தில; திரும்பி மற்றப் பக்கத்தால வரும்போதும் வலக்கால்தான் பள்ளத்தில. நாள்தோறும் ஒரே கால்.

கடற்கரைச் சரிவு அப்படி இல்ல. தெற்கே போகும்போது கடல் இடப்பக்கம், இடக்கால் பள்ளத்தில. வடக்கே திரும்பினா மாறிரும். அதனால கரையில ஓடினா போன தூரத்தையே திரும்பி ஓடி வரணும். ஒரு பக்கம் ஓடி ஓட்டோ பிடிச்சு வீட்ட வாறதெல்லாம் வேண்டாம். அலை இப்பதான் நனைச்சுட்டுப் போன கெட்டி மணல், சரிவு குறைஞ்ச இடம். கால் பதிஞ்ச அடையாளம் விரல் தடிப்புக்கு மேல ஆழமா இருந்தா அது உங்களுக்கு உரிய மணல் இல்ல. விடியக் கரைவலை இழுக்கிற நேரம் கயிறு கணுக்கால் உயரத்தில குறுக்கே நிற்கும், இருட்டில தெரியாது. வெளிச்சம் வந்த பிறகு இறங்குங்க.

முதல் 3 மாதத்துக்கு மட்டமான இடமே மேல். பழைய கல்லடிப் பாலம், வாவியோரத்து மட்டமான பாதை, வெபர் மைதானம். மைதானத்தில ஒரே திசையில சுற்றாதீங்க, பாதியில கிறுகி மற்றப் பக்கமா ஓடுங்க.

சப்பாத்து: பின்னேரம் போய்ப் பாருங்க, கால் அப்பதான் வீங்கி முழு அளவில இருக்கும். ஓடப்போற அதே மேஸோட போடுங்க. நின்றபடி பார்த்தா நீண்ட விரலுக்கு முன்னால ஒரு பெருவிரல் நக அகலம் இடம் வேணும். குதிப்பக்கம் முன்பக்கத்தை விட 8 முதல் 10 மில்லிமீற்றர் உயர்ந்தது குதிநாணுக்கு ஆறுதல். கையில எடுத்து மடக்குங்க: விரல் மடியிற இடத்தில மடங்கணும். நடுவில மடங்கினா வேண்டாம். பெயர் பெற்ற கொம்பனியின் அடையாளத்தோட மலிவா வாற போலிச் சப்பாத்தில அடி நுரை ஒன்றில் கல்லு மாதிரி, இல்லாட்டி ஒரு மாதத்தில சப்பி. பெயரைப் பார்க்காதீங்க, குதியைப் பெருவிரலால அழுத்திப் பாருங்க: அமுங்கி உடனே எழும்பணும். ஏறத்தாழ 500 முதல் 800 கிலோமீற்றரில நுரை செத்துரும், மேல்பக்கம் புதுசு மாதிரி இருந்தாலும்.

ஓடுற விதத்தில ஒரு திருத்தம் மட்டும். வலக்கால் தரையில படுறதை 30 செக்கன் எண்ணுங்க. 40 வந்தா 42 ஆக்குங்க, அதே வேகத்தில. அடி குறுகும், கால் உடம்புக்கு முன்னால நீட்டி விழாம நேர் கீழே விழும், முழங்கால் சுமை குறையும். ஒரேயடியா 45க்குப் பாயாதீங்க, கெண்டை பிடிச்சிரும்.

அக்கரைப்பற்றுக்காரி:

சீனி என்று இப்பதான் சொல்றீங்க அண்ணன்! அதுதான் முதல் வரியில வரணும்.

47 வயது, சீனி. ஓட்டத்தைக் கூட்ட முதல் கிளினிக்கில சொல்லி ஈசிஜி, தேவையென்றா ஓடவிட்டு எடுக்கிற ஈசிஜி, பிரஷர், கண் பின்புறம் மூன்றையும் பார்த்திருங்க. நடைக்கு இது பொறுக்கும், ஓட்டத்துக்குப் பொறுக்காது. ஓடும்போது நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவுற நோ, தலைசுற்றிக் குளிர் வியர்வை வந்தா "வாய்வு" என்று உள்ளி தேடாம 1990க்கு எடுங்க, அம்புலன்ஸ் இலவசம்.

மெட்போமின் மட்டும் என்றா ஓடும்போது சீனி இறங்கிறது அரிது. கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட், இன்சுலின் பாவிக்கிறவங்கதான் கவனம். அவங்க சட்டைப்பையில நாலு குளுக்கோஸ் வில்லை வைக்காம வெளிக்கிடக் கூடாது.

வெறுங்கால் முற்றாக வேண்டாம். சீனிக்காரருக்குச் சிப்பி வெட்டினதும் தூண்டில் முள் ஏறினதும் தெரியாமலே போகும். ஓடி வந்து கழுவி, விரல் இடுக்கைத் துடைச்சு, உள்ளங்காலைக் கண்ணாடி வச்சுப் பாருங்க. நனைஞ்ச சப்பாத்துக்குள்ள பழைய பத்திரிகையைக் கசக்கி அடைஞ்சு நிழலில காய வைங்க. மாரியில இரண்டு சோடி இருந்தா நல்லது.

நோ மாத்திரை குடிச்சிட்டு ஓடுற பழக்கம் இங்க நிறையப் பேருக்கு. டைக்குளோபினாக், இபுபுரோபன் இரண்டும் வேர்த்து நீர் குறைஞ்ச உடம்பில சிறுநீரகத்தைத் தாக்கும், சீனியும் பிரஷரும் இருந்தா இன்னும் மோசம். காய்ச்சல் நாளில ஓட்டமும் இல்ல, இந்த மாத்திரையும் இல்ல, டெங்குவா இருந்தா இரத்தக்கசிவைக் கூட்டும்.

கச்சான் என்கிற சூடான தென்மேற்குக் காற்று வீசுற மாதங்களில ஏழு மணிக்கே தரை கொதிக்கும். ஓடுறதுக்கு முன்னும் பின்னும் ஒரே உடுப்போட நிறை பாருங்க. குறைஞ்ச ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லீற்றர் வேர்வை. அரை மணி ஓட்டத்துக்கு வழியில குடிக்கத் தேவையில்ல. வந்து சீனி போடாத தேசிக்காய்த் தண்ணி போதும். பிரஷர் இருந்தா அதில உப்பும் போடாதீங்க.

நாய் துரத்தினா ஓட்டத்தை நிறுத்தி நில்லுங்க, முதுகைக் காட்டாம மெதுவா நடந்து விலகுங்க. ஓடுற எதையும் அது துரத்தும். கடிச்சாலோ நகம் கீறினாலோ சவர்க்காரம் போட்டு 15 நிமிசம் ஓடுற தண்ணியில கழுவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரி.

வாவிக்கரையான்:

கிளினிக் வாற செவ்வாய். அதுவரை நடை, படிப் பயிற்சி. ஒரு கேள்வி மட்டும்: படிப் பயிற்சி செய்கிற நாளிலேயே நடக்கலாமா?

படிக்கட்டு:

நடக்கலாம். ஓட்டம் தொடங்கிய பிறகு இரண்டையும் ஒரே நாளில் வையுங்கள்: காலமை ஓட்டம், பின்னேரம் படி. அப்போதுதான் அடுத்த நாள் குதிக்கு முழு ஓய்வு. இரண்டு கால்களுக்கும் செய்யுங்கள், இடக்கால் இப்போது நோகாவிட்டாலும்.