அப்பாவின் ரிப்போர்ட்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

அண்ணாச்சிமார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்கு அம்பாசமுத்திரம் பக்கம். அப்பாவுக்கு 61 வயது, சர்க்கரை வந்து 14 வருஷம். நெஞ்சுவலி கிடையாது, ஈசிஜியும் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் சித்தப்பா 52 வயதில் மாரடைப்பில் போனதிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் ஒரு பயம்.

போன வாரம் ஒரு லேபில் ரத்தம் கொடுத்தோம். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 8.1, கெட்ட கொழுப்பான எல்டிஎல் 118. சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் எவ்வளவு கசிகிறது என்று காட்டும் ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதம் 64. 30-க்குள் இருக்க வேண்டுமாம். கிட்னிக்குப் பார்க்கிற டெஸ்ட்தானே என்றிருந்தேன். ரத்தக் குழாயின் உட்சுவர் கெடுவதையும் அது காட்டும், இதயத்துக்கும் அது எச்சரிக்கைதான் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் உறைத்தது.

உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ஹெச்எஸ்-சிஆர்பி 7.2. மூன்றைத் தாண்டினாலே இதயத்துக்கு ஆபத்து என்று சிவப்பில் அச்சடித்திருக்கிறார்கள். அதைப் பார்த்த அப்பா அன்றைக்கு வீட்டுக்கு வந்த அல்வாவைத் தொடவே இல்லை. அந்த மட்டுக்கும் நல்லது! ஆனால் ரத்தம் கொடுத்த அன்று அவருக்குக் கடைவாய்ப்பல் வீங்கிக் கிடந்தது. உடம்பில் எங்கே அழற்சி இருந்தாலும் சிஆர்பி ஏறும். லேபில் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

டாக்டர் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையைக் கூட்டியிருக்கிறார். இதயத்துக்குச் சுமை கூடியிருக்கிறதா என்று பார்க்கிற என்டி-புரோபிஎன்பி, ஒரு வகைக் கொழுப்பைப் பார்க்கிற லிப்போபுரோட்டீன்-ஏ என்ற இரண்டு ரத்த டெஸ்டும் எடுக்கச் சொன்னார். லிப்போபுரோட்டீன்-ஏ பரம்பரையாக வருவது, ஒரு தடவை பார்த்தால் போதுமாம். பாளையங்கோட்டையிலோ நெல்லை டவுனிலோ இவை இரண்டும் கட்டுப்படியாகிற விலையில் எங்கே எடுக்கலாம்? பல் சரியாகி எத்தனை வாரம் கழித்து சிஆர்பியைத் திரும்ப எடுத்தீர்கள்? அப்புறம், சிறுநீரில் கூடியிருந்த ஆல்புமின் பிறகு குறைந்தவர்கள் யாராவது இருந்தால், டாக்டர் எந்த மருந்தை மாற்றினார் என்று சொல்லுங்கள். அடுத்த முறை போகும்போது கேட்டுப் பார்க்கிறேன்.