ஜூனியர் உலக சாம்பியன் ஆன பையன்கள் எல்லாம் அப்புறம் எங்கே போகிறார்கள்?

கடைசிபெஞ்ச்:
ஒரு மாதமாக ராத்திரியில் தூங்காமல் ஃபிகர் ஸ்கேட்டிங் (பனித்தளத்தில் இசைக்குச் சறுக்கி ஆடுவது) பார்த்துக்கொண்டிருக்கிறேன். யார் பழக்கிவிட்டார்கள் என்று கேட்காதீர்கள். முதலில் பெரியவர்கள் போட்டி, அப்புறம் அதே ஆட்கள் சின்னப் பையன்களாக இருந்தபோது ஆடிய ஜூனியர் உலகப் போட்டிகள். நேற்று 2022 தாலின் (எஸ்டோனியா) போட்டியைப் பார்த்தேன். முதலில் வந்த அமெரிக்காவின் இலியா மலினின் 276.11. அடுத்து வந்த கஜகஸ்தானின் மிகைல் ஷைதரோவ் 234.31. கிட்டத்தட்ட 42 புள்ளி வித்தியாசம்! ஆனால் மூன்றாவது வந்த ஜப்பான் பையன் தத்சுயா த்சுபோய்க்கும் ஷைதரோவுக்கும் நடுவே அரைப் புள்ளி கூட இல்லை. ஒரே போட்டியில் இப்படி எப்படி?

இன்னொன்று. பழைய சாம்பியன்கள் பட்டியலை எடுத்துப் பார்த்தால் ஜப்பானின் ஹன்யூ, உனோ என்று எனக்கே தெரிந்த பெயர்கள் சில, பாதிப் பேர் கேள்விப்படாதவர்கள். பதினைந்து, பதினாறு வயதில் உலகத்திலேயே முதல் ஆளாக இருந்தவன் அப்புறம் காணாமல் போவது எதனால்? ஷார்ட் புரோகிராமில் (முதலில் ஆடும் சின்ன ஆட்டம்) ஒருத்தர்கூட குவாட் (காற்றில் நாலு சுற்று சுற்றும் ஜம்ப்) போடவில்லையே, அது பயமா, விதியா?

மூன்றரைச்சுற்று:
விதிதான். ஜூனியர் ஆண்கள் ஷார்ட்டில் நாலு சுற்று ஜம்ப்புக்கு அனுமதி இல்லை. தனியாகப் போடும் ஜம்ப் எது என்பதைக்கூட அந்த சீசனுக்கு என்று விதியே சொல்லிவிடும். டிரிபிள் ஆக்ஸல் (முன்பக்கம் பார்த்துக் குதித்து மூன்றரைச் சுற்று) போடலாம், அதோடு சரி. அடுத்து வரும் நீளமான ஆட்டமான ஃப்ரீ ஸ்கேட்டில்தான் கையை அவிழ்த்து விடுவார்கள். மலினினும் ஷார்ட்டில் 88.99தான் எடுத்தான், மிச்ச 187.12 ஃப்ரீயில் வந்தது. லட்ஸ் என்று ஒரு வகை ஜம்ப், நாலு சுற்று (குவாட்) லட்ஸின் அடிப்படை மதிப்பு 11.5, டிரிபிள் லட்ஸுக்கு 5.9, கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

42 புள்ளிக்கு வருவோம். ஜூனியர் என்றதும் நம் மனதில் சின்னப் பிள்ளைகள் வருகிறார்கள், அதுதான் குழப்பம். போட்டிக்கு முந்தைய ஜூலை 1 அன்று 13 நிறைந்திருக்க வேண்டும், 19 நிறைந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான் வயது விதி. சீனியருக்கான வயது வந்துவிட்டால் நடுவே அங்கேயும் ஆடலாம், தடையில்லை. 2022 ஜனவரியில் மலினின் அமெரிக்க தேசியப் போட்டியில் இரண்டாவது வந்தான், ஆனாலும் பெய்ஜிங் ஒலிம்பிக் அணியில் எடுக்கவில்லை. மார்ச்சில் மாண்ட்பெல்லியே சீனியர் உலகப் போட்டியில் ஒன்பதாவது. அதை முடித்துவிட்டு ஏப்ரலில் தாலினுக்கு வந்தான். கல்லூரி முதல் வருடப் பையன் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுத உட்கார்ந்த மாதிரி. ரஷ்யர்களுக்கும் அதற்கு முந்தைய மாதமே தடை வந்துவிட்டது, அவர்களும் இல்லை. 42 வராமல் என்ன செய்யும்? அந்த செப்டம்பரில்தான் லேக் பிளாசிடில் குவாட் ஆக்ஸலையே போட்டுக் காட்டினான், உலகத்தில் முதல் ஆள்.

பனிக்கூழ்:
"காணாமல் போகிறார்கள்" என்பதற்கு ஒரு வார்த்தையில் பதில்: உயரம்.

குவாட் போடும்போது காற்றில் இருப்பது முக்கால் நொடிக்கும் குறைவு. அதற்குள் நாலு சுற்று. உடம்பு ஒல்லியாக, கை மார்போடு ஒட்டி இருந்தால் வேகமாகச் சுழலும். தோள் அகன்று கால் நீண்டுவிட்டால் அதே வேகத்துக்கு நிறைய பலம் வேண்டும், அந்தப் பலம் எலும்பு வளர்கிற அளவுக்கு உடனே வராது. பம்பரத்தைச் சுற்றிவிட்டு நடுவில் அதை இரண்டு அங்குலம் பெரிதாக்கினால் எப்படி இருக்கும், அதுதான்.

கனடாவின் நாம் நுயென் 2014 சோஃபியாவில் ஜூனியர் உலக சாம்பியன், வயது 15. அடுத்த வருடமே ஷாங்காய் சீனியர் உலகப் போட்டியில் ஐந்தாவது. எல்லாரும் அடுத்த பெரிய ஆள் என்று எழுதினார்கள். அப்புறம் மளமளவென்று வளர்ந்தான், ஜம்ப்புகள் கையைவிட்டுப் போயின. 2015இல் கனடா பட்டம், திரும்ப அதைப் பிடிக்க 2019 ஆகிவிட்டது. காணாமல் போகவில்லை பாருங்கள், புது உடம்போடு முதலிலிருந்து கற்றுக்கொண்டிருந்தான். நாம் டிவியில் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை_வெள்ளி:
பனிக்கூழ் சொல்வது சரி, ஆனால் முழுக்க ஒத்துக்கொள்ள மாட்டேன். தங்கம் வாங்கியவனை மட்டும் பின்தொடர்ந்து போனால் பட்டியல் சோகமாகத்தான் தெரியும். நுயென் ஜெயித்த அதே சோஃபியா மேடையில் வெண்கலத்தோடு நின்றவன் யார் தெரியுமா? அமெரிக்காவின் நேத்தன் சென். ஜூனியர் உலகத் தங்கம் அவனுக்குக் கடைசி வரை கிடைக்கவே இல்லை, 2022இல் ஒலிம்பிக் தங்கம் கிடைத்தது. 2020 தாலினில் ரஷ்யாவின் மொசலேவுக்குப் பின்னால் இரண்டாவது வந்த ஜப்பானின் யூமா காகியாமா, இரண்டே வருடத்தில் பெய்ஜிங்கில் சென்னுக்கு அடுத்து வெள்ளி.

நீங்கள் பாவப்பட்ட ஷைதரோவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2025 பாஸ்டன், சீனியர் உலகப் போட்டி. முதலிடம் மலினின், இரண்டாமிடம் ஷைதரோவ். 2022 தாலின் வரிசை அப்படியே! வித்தியாசம் சுமார் 31 ஆகக் குறைந்திருக்கிறது, இத்தனைக்கும் இந்தத் தடவை மூன்றாவதாக நின்றது காகியாமா. அன்றைக்குத் தாலினில் ஷைதரோவை யாராவது கவனித்தோமா?

ஜூனியர் பார்க்கும்போது நான் ஜம்ப்பை எண்ணுவதே இல்லை. இரண்டு ஜம்ப்புக்கு நடுவில் கால் என்ன செய்கிறது என்று பார்ப்பேன். ஒரே தள்ளில் எவ்வளவு தூரம் போகிறான், முழங்கால் மடங்குகிறதா, பிளேடின் ஓரத்தில் சாய்ந்து போகிறானா இல்லை தட்டையாக நகர்கிறானா. வளர்ந்த பிறகும் கூட நிற்பது அதுதான். காகியாமாவுக்கு அது அப்பாவிடமிருந்தே வந்தது, அவரும் இரண்டு ஒலிம்பிக் ஆடியவர், அவர்தான் பயிற்சியாளரும்.

ஸ்கார்பரோ அம்மா:
நான் விதி எல்லாம் பேசுகிற ஆள் இல்லை. என் மகனுக்குப் பதின்மூன்று வயது, இங்கே டொராண்டோ பக்கம் ஒரு கிளப்பில் ஆடுகிறான், உலகப் போட்டி அளவுக்கெல்லாம் இல்லை. விடிய ஐந்து மணிக்கு ரிங்கில் இறக்கிவிட்டு காருக்குள்ளே போர்த்திக்கொண்டு இருப்பேன். போன கோடையில் டபுள் ஆக்ஸல் வந்தது, வீடே கொண்டாடினோம். இந்தக் கோடைக்குள் மூன்று அங்குலம் வளர்ந்துவிட்டான், பூட்ஸ் இரண்டு தடவை மாற்றினோம் (விலையைக் கேட்காதீர்கள்), இப்போது அந்த ஆக்ஸல் இல்லை. நேற்று வரை வந்த ஒன்று இன்றைக்கு வரவில்லை என்பதை அந்தப் பிள்ளையால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை, பத்துத் தடவை விழுந்து எழும்பி என்னைப் பார்க்காமலே போய் மூலையில் நிற்கிறான். நான் என்னத்தைச் சொல்ல? நுயென் கதையை அவனுக்குக் காட்டப் போகிறேன். நன்றி பனிக்கூழ் தம்பி.

பனிக்கூழ்:
அக்கா, தம்பி இல்லை, தங்கை :) பூட்ஸ் புதிது என்றால் அது பழகவே சில வாரம் ஆகும், பாதிக் குற்றம் அதன் மேல் போடச் சொல்லுங்கள்.

கடைசிபெஞ்ச்:
மாண்ட்பெல்லியே விஷயம் தெரியாமல் 42 புள்ளியை வைத்து ஷைதரோவைக் கேவலமாக நினைத்துவிட்டேன், மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன். பாஸ்டனை இன்று ராத்திரி பார்க்கிறேன். சரி, நிஜமாகவே நெருக்கமான ஜூனியர் போட்டி ஒன்று சொல்லுங்கள்.

மூன்றரைச்சுற்று:
2024 தைபே. கொரியாவின் சியோ மின்-கியூ, ஜப்பானின் ரியோ நகாதா, இருவருக்கும் நடுவே 1.44 புள்ளி. சியோ ஒரு குவாட் கூட இல்லாமல் ஜெயித்தான், கொரிய ஆண் ஒருவர் இந்தப் பட்டம் வாங்கியது அதுதான் முதல் தடவை. பார்த்துவிட்டு உடனே 2025 தெப்ரெத்சென் (ஹங்கேரி) போட்டியைப் போடுங்கள், அதே இருவர், முதலிடமும் இரண்டாமிடமும் மட்டும் தலைகீழ்.

வெள்ளிக்கிழமை_வெள்ளி:
தைபே என்றால் 2017ஐயும் விட்டுவிடாதீர்கள். அமெரிக்காவின் வின்சென்ட் ஜோ ஷார்ட்டில் ஐந்தாவது, ஃப்ரீயில் மூன்று குவாட் போட்டு 258.11உடன் தங்கம். ஆனால் அதைத் தூங்குவதற்கு முன்னால் பார்க்காதீர்கள், அப்புறம் விடிந்துவிடும்.