கல்யாண ட்ரோன் படப்பிடிப்பு: உரிமம் வைத்திருப்பவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. கடலூர் மஞ்சக்குப்பத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். இப்போது கல்யாணத்துக்கு வருபவர்கள் ஆல்பத்துக்கு முன்னால் ட்ரோன் உண்டா என்றுதான் கேட்கிறார்கள். அதனால் சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன்.

2021 ட்ரோன் விதிகளைப் படித்துவிட்டேன். 250 கிராமுக்குள் இருந்தால் நானோ, பைலட் சான்றிதழ் வேண்டாம். அதைத் தாண்டி 2 கிலோ வரை மைக்ரோ. பொழுதுபோக்குக்குப் பறக்கவிட்டால் அதற்கும் சான்றிதழ் தேவையில்லை, காசு வாங்கினால் தேவை. சான்றிதழுக்கு வயது 18 முதல் 65 வரை, பத்தாவது தேர்ச்சி, டிஜிசிஏ (மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) அங்கீகரித்த பயிற்சி மையத்தில் படிப்பு. கூடவே ட்ரோனுக்குப் பதிவு எண், மூன்றாம் தரப்புக் காப்பீடு. இதுவரை சரி.

குழப்பம் பாண்டிச்சேரி ஆர்டர்களில்தான். கடற்கரைச் சாலையில் ஷூட் வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் அடம்பிடிக்கிறார்கள். லாஸ்பேட்டை விமான நிலையம் 8 கிலோமீட்டருக்குள் வந்துவிடுகிறதே, அங்கே பச்சை மண்டலம் (முன் அனுமதி இல்லாமல் பறக்கவிடும் பகுதி) கிடையாது. 12 கிலோமீட்டரைத் தாண்டிய கடலூர் சில்வர் பீச் போல 400 அடி வரை நினைத்தபடி ஏற்ற முடியாது. பக்கத்துக் கடைக்காரர் 'யார் பார்க்கப் போறா' என்கிறார். அந்தப் பேச்சை நம்பி இறங்க எனக்கு மனசில்லை.

பாண்டியில் முறையாக அனுமதி வாங்கிப் படமெடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எத்தனை நாள் முன்னால் விண்ணப்பித்தீர்கள்? காவல் நிலையத்தில் தனியாகக் கடிதம் கேட்டார்களா? அப்புறம், முகூர்த்த நாட்களில் கடையை மூடாமல் படிக்கிற மாதிரி வகுப்பு நடத்தும் மையம் தெரிந்தால் சொல்லுங்கள். பழைய ட்ரோன் விற்பவர்கள் பதிவு எண் இருந்தால் மட்டும் இன்பாக்ஸ் வாருங்கள்.