ஆபோகியில் ஒரு பாட்டு உண்டா?

கும்பகோணம் அத்தை (மாலை 6:12): அண்ணா, பாப்பா நாளைக்குப் பள்ளிப் போட்டியில் ‘சபாபதிக்கு வேறு தெய்வம்’ பாடுகிறாள். பாடுவதற்கு முன் பாட்டைப் பற்றி நாலு வரி சொல்ல வேண்டுமாம். ‘நந்தனார் சரித்திரத்தில் வருவது’ என்று எழுதி வைத்திருக்கிறாள். சரிதானே?

மாயவரம் பெரியப்பா (6:15): இல்லையம்மா, அந்த வரியை அடித்துவிடச் சொல். நந்தனார் சரித்திரம் எழுதிய கோபாலகிருஷ்ண பாரதியார் பாட்டுதான். ஆனால் அது தனிக் கீர்த்தனை. பிறந்த கதை திருவையாற்றில் தொடங்குகிறது.

கும்பகோணம் அத்தை (6:16): திருவையாறா? தில்லையைப் பற்றிய பாட்டு அல்லவா?

மாயவரம் பெரியப்பா (6:24): பாரதியார் ஒருமுறை தியாகராஜரைப் பார்க்கப் போனார். 1847-இல் தியாகராஜர் மறைந்துவிட்டார், ஆகவே அதற்கு முந்திய சங்கதி. மாயவரம் பக்கத்திலிருந்து வருகிறேன் என்றதும், அங்கே இருக்கும் கோபாலகிருஷ்ண பாரதியைத் தெரியுமா என்று அவரிடமே கேட்டாராம் தியாகராஜர்! அப்போது சீடர்கள் ஆபோகி ராகத்தில் அவருடைய ‘மனஸு நில்ப’ கீர்த்தனையைப் பாடிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் ஆபோகியில் ஏதாவது செய்திருக்கிறீர்களா என்று அடுத்த கேள்வி. பாரதியார் பதில் சொல்லவில்லை. மறுநாள் வந்து இந்தப் பாட்டைப் பாடினார். அதுதான் பதில்.

திருவாரூர் அண்ணன் (6:26): ஒரே இரவிலா பெரியப்பா? நம்ப முடியவில்லை.

மாயவரம் பெரியப்பா (6:29): உ.வே.சா. எழுதி வைத்திருக்கிறார். அவர் சிறுவயதில் இதே மாயவரத்தில் பாரதியாரிடம் சங்கீதம் படித்தவர். அத்தனை பெரிய மகான் எதிரில், அவர் ராகத்திலேயே, தன் தமிழில், தன் தெய்வத்தைப் பாடினாரே, அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்குகிறது.

திருவாரூர் அண்ணன் (6:33): ‘நீயே புருஷ மேரு’வும் அவர் பாட்டுதானே?

மாயவரம் பெரியப்பா (6:38): ஆமாம், அது தெய்வத்தின் மேல் பாடியது அல்ல. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் மாயவரம் வேதநாயகம் பிள்ளை தன் சொத்தைச் செலவழித்துக் கஞ்சி ஊற்றினார். அதைக் கண்ணால் பார்த்துப் பாடியது. நம் ஊர்த் தெருவில் பசித்தவர்கள் கையேந்தி நின்ற காலம்.

பாப்பா (6:45): மாமா, நான் எழுதிய வரியை அடித்துவிட்டேன். திருவையாற்றுக் கதையைச் சொல்கிறேன். ஆபோகியைப் பற்றியும் ஒரு வரி சேர்க்கலாமா?

மாயவரம் பெரியப்பா (6:47): சேர்த்துக்கொள் கண்ணு. ஐந்தே சுரம், பஞ்சமமும் (ப) நிஷாதமும் (நி) கிடையாது. எங்கே, அனுபல்லவி வரை பாடி அனுப்பு.

பாப்பா (6:58): 🎤 குரல் செய்தி 1:42

மாயவரம் பெரியப்பா (7:02): சுருதி நன்றாகச் சேர்ந்திருக்கிறது. ‘கிருபாநிதி இவரைப்போல கிடைக்குமோ’ என்ற இடத்தில் மட்டும் ஓடுகிறாய். அது கேள்வி அம்மா. கேட்டுவிட்டுக் கொஞ்சம் நில். இங்கே மழை பிடித்துக்கொண்டது, ஜன்னலைச் சாத்திவிட்டு வருகிறேன். அதற்குள் இன்னொரு முறை பாடி அனுப்பு.