அரங்கேற்றத்தை நேரலையில் காட்ட உதவி வேண்டும்

வணக்கம் உறவுகளே. அடுத்த மாதம் கொழும்பு வெள்ளவத்தையில் என் மகளின் பரதநாட்டிய அரங்கேற்றம். முழங்கால் வலியால் பயணம் செய்ய முடியாத அவளுடைய அம்மம்மா அதை யாழ்ப்பாணத்திலிருந்தே பார்க்க வேண்டும். அவளுக்கு முதன்முதலில் சலங்கை கட்டிவிட்டவர் அவர்தான்.

யூடியூபில் முதன்முறை நேரலை வசதி கிடைக்க 24 மணி நேரம் வரை ஆகலாம் என்பதால் அதை முன்கூட்டியே முடித்துவிட்டேன். மடிக்கணினியில் நேரலையை அனுப்ப உதவும் ஓபிஎஸ் (OBS) மென்பொருளும் இருக்கிறது. சிக்கல் இணைப்பில்தான். மண்டபத்தில் 4ஜி ரவுட்டரை வைத்து ஒத்திகை பார்த்தபோது பதிவேற்ற வேகம் நொடிக்கு 2 மெகாபிட்டுக்கும் கீழே இறங்கியது. ஜதி ஓடிக்கொண்டிருக்க, திரையில் மகளின் தூக்கிய கால் அப்படியே உறைந்து நின்றது.

இரண்டு சிம் இணைப்புகளை ஒன்றாகச் சேர்த்து அனுப்பியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? மிருதங்க ஒலியை மண்டபத்து மிக்சரிலிருந்து (ஒலிகளைக் கலக்கும் கருவி) நேரே எடுக்க எந்த வயர் வேண்டும்? படம் சற்று மங்கினாலும் பரவாயில்லை, தாளம் அறுபடக் கூடாது.